கட்டவிழ்த்த கடற்கரை

நாயைச் சங்கிலியில் பிடித்து வீதியில் நடத்திச் செல்லும் கனவான்களைக் காணும்போதெல்லாம் நமக்கு ஒரு சந்தேகம் எழுவதுண்டு. இவர்களில் யார் யாரை நடத்திச் செல்கிறார்கள் என்பதே அது. மைலாப்பூர் மாட வீதியில் ஒரு நாள், பஞ்சகச்சமும் அங்கவஸ்திரமுமாக வந்த பெரியவர் ஒருவரை அவருடைய நாய் விளக்குக் கம்பத்துக்கு விளக்குக் கம்பம் இழுத்துக்கொண்டு போயிற்று. பெரியவர் நம்மைப் பார்த்து, "ரொம்ப சாது, ஒன்றும் செய்யாது!" என்று கூவிக்கொண்டே மறைந்தார். அவரை அது என்ன செய்துகொண்டிருந்தது என்பதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

அப்படியிருக்க, சங்கிலியே இல்லாமல் நூற்றுக்கணக்கான நாய்கள் தம் இஷ்டம்போல் ஓடித் திரியும் கடற்கரை ஒன்று உலகத்தில் இருக்கிறது என்றும், அங்கே நாம் அவசியம் வரவேண்டும் என்றும் நம் சித்தப்பா மகன் சொன்னபோது நமக்கு எப்படி இருந்திருக்கும்! அவன் அமெரிக்காவில், கலிபோர்னியா மாகாணத்தின் தென் கோடியிலுள்ள ஸான் டியாகோ நகரில் உத்தியோகம் பார்க்கிறான். மனைவி, ஏழு வயதுப் பெண் குழந்தை, 'மணி' என்ற நாய் ஆகிய மூவரும் அவனுடைய குடும்பம். சென்ற ஆண்டு மாசி மாதத்தில் அவனுடைய விருந்தாளியாக நாம் போயிருந்தோம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறோம். நாய் என்றால் நமக்குப் பயம். சிறு வயதில் ஒரு தெரு நாய் நம் கணுக்காலைப் பதம் பார்த்தது. அதன் பலனாக நாளுக்கு ஒன்றாகத் தொப்புளைச் சுற்றி ஊசி குத்திக்கொண்டோம். அந்த வைத்தியத்துக்கு வழி காட்டியவர் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் என்பதும், 1885-ஆம் ஆண்டில் நாய் கடித்த ஒரு சிறுவனை அவர் முதன்முதலில் அம்முறையால் காப்பாற்றினார் என்பதும், 1907-ல் அவர் பெயரால் நம் குன்னூரிலேயே ஒரு வைத்திய நிலையம் ஏற்பட்டது என்பதும் பிற்காலத்தில் படித்துத் தெரிந்துகொண்டவை. அன்று நமக்குத் தெரிந்ததெல்லாம் ஊசி ஒன்றுதான். ஆகையால், "கடற்கரைக்கு வாருங்கள், அண்ணா" என்று தம்பி அழைத்ததும் நம் தொப்புள் முதலில் நடுங்கிற்று.

மழை தந்த மூன்று நாள் அவகாசம்

நல்ல வேளையாக, புறப்பட இருந்த அன்று மழை பெய்தது. மறுநாள் வானம் வெளுத்தது. "போகலாமா?" என்று நாம் ஒப்புக்குக் கேட்டோம். "இன்னும் மூன்று நாள் பொறுக்க வேண்டும்" என்றான் தம்பி. காரணம் கேட்டபோது அவன் சொன்ன விவரம் நமக்குப் புதிதாயிருந்தது.

இந்த நாய்க் கடற்கரை, ஓஷன் பீச் என்ற பேட்டையின் வடகோடியில், ஸான் டியாகோ ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் அமைந்திருக்கிறது. மழை பெய்தால் நகரத்தின் தெருக் கழிவும் சாக்கடை நீரும் ஆற்றின் வழியாக அங்கேதான் வந்து சேரும். ஆகவே, மழைக்குப் பின் 72 மணி நேரம், ஆற்று முகத்துவாரங்களுக்கும் மழைநீர்க் கால்வாய்களுக்கும் அருகே கடலில் இறங்க வேண்டாம் என்று அந்த ஜில்லாவின் சுகாதார அதிகாரிகள் எச்சரிக்கை செய்கிறார்கள். மனிதனுக்கு ஆகாத நீர் நாய்க்கு மட்டும் ஆகுமா? மனிதனாவது வாயை மூடிக்கொண்டு நீந்துவான். நாய் வாயைத் திறந்துகொண்டே நீந்துகிறது!

அந்த மூன்று நாட்களில் இந்தக் கடற்கரையின் சரித்திரத்தையும் கேட்டறிந்தோம். 1972-ஆம் ஆண்டிலேயே அங்கே நாய்களை அவிழ்த்துவிட நகரசபையார் அனுமதி அளித்துவிட்டார்கள். அமெரிக்காவில் இவ்விதம் ஏற்பட்ட கடற்கரைகளில் அது மிகப் பழையவற்றுள் ஒன்று. இரவும் பகலும் திறந்திருக்கிறது, கட்டணம் கிடையாது. ஆனால் அதே நகரின் மற்றக் கடற்கரைகளில் பெரும்பாலானவற்றில் பகற்பொழுதில் நாய்களுக்கு இடமில்லை. காலையிலும் மாலையிலும் வரலாம். அப்போதும் எட்டு அடிக்கு மேற்படாத வாரில் கட்டியே கொண்டுவர வேண்டும். ஓரிடத்தில் கட்டுப்பாடு, ஓரிடத்தில் சுதந்திரம் என்று பிரித்து வைத்திருப்பதால் நாய் பிடித்தவர்களும் பிடிக்காதவர்களும் ஒரே ஊரில் சண்டையில்லாமல் வாழ முடிகிறது.

நாய்க்கும் ஒரு பரீட்சை

நாலாம் நாள் காலையில் தம்பி மூட்டை கட்டலானான். ஒரு குடத்தளவு நல்ல தண்ணீர், தண்ணீர் வார்க்க ஒரு கிண்ணம், பழைய துண்டுகள் இரண்டு, மலத்தை எடுக்கக் காகிதப் பைகள், ஆறடி வார், ஊதல் ஒன்று. மணியின் கழுத்துப் பட்டையில் லைசென்ஸ் வில்லை தொங்கியது. அந்த மாகாணத்தில் மூன்று மாதத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு நாய்க்கும் வெறிநோய்த் தடுப்பு ஊசி போட்டாக வேண்டும் என்பது சட்டம். இவ்வாறு விடாமல் ஊசி போட்டு வந்ததன் பயனாக, நாய்களிடையே தானாகப் பரவும் வெறிநோய் அமெரிக்காவில் அற்றுவிட்டதென்று 2007-ல் அறிவித்தார்கள். ஆயினும் வௌவால் முதலிய காட்டுப் பிராணிகளிடம் நோய் இன்னும் இருப்பதால் ஊசியை நிறுத்தவில்லை.

"ஊசி போட்ட நாயெல்லாம் இங்கே வரலாமோ?" என்று கேட்டோம்.

"வரலாம். ஆனால் வரக்கூடாத நாய்களும் உண்டு, அண்ணா" என்றான் தம்பி. பருவத்திலிருக்கும் பெண் நாய், தடுப்பூசிகள் முற்றுப்பெறாத குட்டி, நோயுற்ற நாய், மற்ற நாய்களைக் கண்டால் சீறும் நாய் ஆகிய இவற்றை வீட்டிலேயே விட்டுவர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கூப்பிட்டால் வராத நாயை அவிழ்க்கவே கூடாது. வீட்டுக் கூடத்தில் கூப்பிட்டால் எந்த நாயும் வரும். முன்னே ஒரு கடற்பறவையும், பின்னே நாலு நாய்களும், பக்கத்தில் அழுகிய மீனும் இருக்கும்போது கூப்பிட்டால் வருகிறதா என்பதே பரீட்சை. மணி இந்தப் பரீட்சையில் தேற ஓராண்டு ஆயிற்றாம். முதலில் முப்பதடிக் கயிற்றில் கட்டி, ஜனமில்லாத மைதானத்தில் விட்டு, ஊதலைக் கேட்டுத் திரும்பி வரும் ஒவ்வொரு முறையும் ஒரு துண்டு இறைச்சி கொடுத்துப் பழக்கினார்களாம். நம் பள்ளிக்கூடத்தில் இந்த முறை இருந்திருந்தால் நாமும் கணக்கில் தேறியிருப்போம்!

வால் பேசும் பாஷை

கடற்கரையை அடைந்தோம். என்ன காட்சி! ஆற்றுவாயில் அகன்று கிடந்த ஈர மணலில், யானைக் குட்டி போன்றவையும் அணில் போன்றவையுமாகப் பலவித நாய்கள் ஓடின, குதித்தன, புரண்டன. அவற்றின் யஜமானர்கள் கையில் வெறும் வாரை வைத்துக்கொண்டு நின்றார்கள். எல்லாருடைய கண்ணும் அவரவர் நாயின்மேலேயே இருந்தது.

தம்பி வாசலிலேயே மணியை அவிழ்த்துவிட்டான். நுழையும் இடத்தில் நாய்கள் வந்து மொய்க்கும் என்றும், கட்டியிருக்கும் நாயைச் சுற்றி அவிழ்த்த நாய்கள் கூடினால் ஓட வழியில்லாத பயத்தினால் அது கடிக்கத் தலைப்படும் என்றும் சொன்னான். மனிதனும் அப்படித்தானே? தப்பிக்க வழியிருப்பவன் நயமாய்ப் பேசுவான். மூலையில் அகப்பட்டவன் கையை ஓங்குவான்.

நம் சிறிய ஆசிரியை, அதாவது தம்பியின் பெண், நமக்கு நாய்ப் பாஷையைப் போதிக்கத் தொடங்கினாள். முன்னங்கால்களைத் தாழ்த்திப் பின்புறத்தை உயர்த்தி நின்றால், 'விளையாட வா' என்று அர்த்தம். உடம்பு தளர்ந்து வளைந்து நெளிந்தால் சிநேகம். வால் ஆடுவதை மட்டும் நம்பிவிடக் கூடாது. வால் விறைத்து மேலே நின்று சிறிது சிறிதாக ஆடுவதும், முதுகு மயிர் சிலிர்ப்பதும், உடம்பு கட்டைபோல் அசையாமல் நிற்பதும், கண் ஓரிடத்திலேயே குத்தி நிற்பதும் வரப்போகும் சண்டைக்கு அறிகுறிகள். வாலைக் கால்களுக்கிடையில் சொருகிக்கொண்டு உதட்டை நக்கும் நாய்க்குப் பயம். அதை மற்ற நாய்கள் துரத்துமானால் அது விளையாட்டல்ல.

"இரண்டு நாயும் மாறி மாறித் துரத்தினால் விளையாட்டு, பெரியப்பா. ஒன்றே துரத்தினால் சண்டை" என்று சூத்திரம்போல் முடித்தாள் குழந்தை.

முறுக்கினால் வந்த வினை

ஒரு மணி நேரம் ஆனந்தமாய்ப் போயிற்று. நம் பயம்கூடப் பாதி தெளிந்தது. பயம் தெளிந்தால் பசி வருவது இயற்கை. ஊரிலிருந்து நம் வீட்டு அம்மாள் சுட்டுக் கொடுத்த முறுக்கு ஒரு பை நிறையக் கோட்டுப் பையில் இருந்தது. மணலில் உட்கார்ந்து பையைப் பிரித்தோம். குழந்தையின் கையிலும் ஒன்றைக் கொடுத்தோம். 'மொறுக்' என்று ஒரு சப்தம்!

அந்தச் சப்தத்துக்கு இருந்த மகிமையை என்னவென்று சொல்வது! இருபது கஜத்துக்கு அப்பாலிருந்த பெரிய பழுப்பு நாய் ஒன்று தலையை நிமிர்த்திற்று. அடுத்த நிமிஷம் நம் எதிரில் நின்றது. மணியும் ஓடி வந்தான். இன்னொரு கறுப்பு நாயும் வந்தது. பழுப்பு நாய் முறுக்குப் பையில் மூக்கை வைத்தது, மணி உறுமினான், வால் விறைத்தது. சற்று முன் கற்ற பாடமெல்லாம் நம் கண்முன் நடந்தது. ஆனால் பாடம் நினைவுக்கு வருவதற்குள் இரண்டு நாய்களும் பின்னங்கால்களில் எழுந்து, ஒன்றின்மேல் ஒன்று பாய்ந்து, உருண்டன. அவற்றிலிருந்து இரண்டு அடி தூரத்தில், கையில் கடித்த முறுக்குடன், குழந்தை நின்றாள்!

நம் கால்கள் ஓடத் துடித்தன. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஓடியதுபோலவே ஓடத் துடித்தன. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடலாமென்று எழுந்தோம். அப்போது குழந்தை முறுக்கைக் கீழே நழுவவிட்டாள். இரண்டு கைகளையும் மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். தலையைக் குனிந்து தன் பாதங்களைப் பார்த்தபடியே, "பெரியப்பா, ஓடாதீர்கள்! மரம்போல் நில்லுங்கள்!" என்றாள்.

நாம் மரமானோம். அதற்கு முன்னும் பின்னும் நம் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல மரமாக நாம் இருந்ததில்லை.

தம்பி கையை நாய்களுக்கு நடுவே நீட்டவில்லை. குடத்திலிருந்த தண்ணீரை இரண்டின் முகத்திலும் வீசிக் கொட்டினான். ஊதலை ஓங்கி ஊதினான். பழுப்பு நாயின் எஜமானியும் ஓடிவந்து அதன் பெயரைச் சொல்லி அதட்டினாள். நாய்கள் திகைத்து விலகின. இருவரும் வாரை மாட்டி ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டார்கள். எல்லாம் பத்து விநாடிக்குள் நடந்து முடிந்தது. மணியின் காதில் ஒரு சிறு கிழிசல். பழுப்பு நாய்க்குக் காயமில்லை. குழந்தைக்கு ஒரு கீறலும் இல்லை. கடவுள் காப்பாற்றினார், அவளுக்கு முன்னமே கற்பித்திருந்ததும் காப்பாற்றிற்று.

குற்றம் யாருடையது? நாய்களுடையதன்று, பழுப்பு நாயின் எஜமானியுடையதும் அன்று, முழுக்க முழுக்க நம்முடையது. பல நாய்கள் கூடும் இடத்தில் தின்பண்டத்தைப் பிரிக்கக் கூடாது. நாய்க்கு அருமையான பந்தையோ பொம்மையையோ கொண்டுவருவதும் அபாயமே. இதைத் தம்பி வண்டியிலேயே சொன்னானாம். நாம் அப்போது முறுக்கு நொறுங்காமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம்!

தெரிந்துகொள்ள வேண்டியவை

வீடு திரும்பும் வழியில் தம்பியிடம் கேட்டறிந்ததையும், பிறகு நாம் படித்தறிந்ததையும் நேயர்களுக்கு இங்கே சொல்லிவிடுகிறோம். கடற்கரைக்குப் போகாதவர்களுக்கும் இவற்றுட் பல நம் ஊர்த் தெருவிலேயே உதவும்.

நாய் நெருங்கினால் குழந்தை ஓடவோ கூச்சலிடவோ கூடாது. அசையாமல் நின்று கீழே பார்க்க வேண்டும். நாய் தள்ளி விழ நேர்ந்தால், முழங்காலை மடக்கிப் பந்துபோல் சுருண்டு, கைகளால் கழுத்தையும் காதையும் மூடிக்கொள்ள வேண்டும். நாய்கள் சண்டையிடும்போது கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுப்பவன் கடிபடுவான். தண்ணீர், பெருஞ்சப்தம், நடுவே தள்ளும் பலகை அல்லது கம்பளி ஆகியவை நல்ல உபாயங்கள். வேறு வழியே இல்லையென்றால், இரண்டு யஜமானர்களும் ஒரே சமயத்தில் அவரவர் நாயின் பின்னங்கால்களைப் பிடித்துப் பின்னுக்கு இழுக்கலாம்.

கடிபட்டுவிட்டால் முதற்காரியம், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிஷம் கழுவுவது. மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, மந்திரம் எல்லாம் வேண்டாம். உடனே வைத்தியரிடம் போக வேண்டும். இப்போது தொப்புளைச் சுற்றி ஊசி இல்லை. கையிலேயே சில ஊசிகள்தான். வெறிநோய் வெளிப்பட்ட பின்னர் மருந்து இல்லை என்பதை மறக்கலாகாது. கலிபோர்னியாச் சட்டமோ இன்னும் கண்டிப்பானது. நாய் அதற்கு முன் ஒருவரையும் கடித்ததில்லை என்று யஜமானர் சொல்லித் தப்ப முடியாது. முதற் கடிக்கே அவர் நஷ்ட ஈடு கொடுத்தாக வேண்டும். மைலாப்பூர்ப் பெரியவரின் "ரொம்ப சாது" அந்த ஊர்க் கோர்ட்டில் செல்லாது.

கடலைப் பற்றி இரண்டு வார்த்தை. நாய் உப்பு நீரைக் குடித்தால் வாந்தியும் பேதியும் வரும். மிகுதியாய்க் குடித்தால் உயிருக்கே ஆபத்து. ஆகையால் அரை மணிக்கு ஒரு முறை கூப்பிட்டு நல்ல தண்ணீர் கொடுக்க வேண்டும். மணலில் கிடக்கும் பந்தை ஓயாமல் கவ்வும் நாய் மணலையும் விழுங்கும். அது குடலில் அடைத்துக்கொள்ளும். கோடையில் புறங்கையை மணல்மேல் ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் பொறுக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் பொறுக்காது. நாய்க்குப் பாதத்தைத் தவிர வேறெங்கும் வேர்வை இல்லை; வாயால் இரைத்தே சூட்டைத் தணித்துக்கொள்கிறது. முகம் சப்பையான ஜாதி நாய்களுக்கு அதுவும் சரியாக முடியாது. இரைப்பு மிகுந்து, எச்சில் கெட்டிப்பட்டு, நடை தள்ளாடினால், நிழலுக்குக் கொண்டுபோய்க் குளிர்ந்த நீரால் நனைத்துக்கொண்டே வைத்தியரிடம் விரைய வேண்டும்.

முகத்துவாரத்தில் கடல் வற்றும் நேரத்தில் ஆற்று நீரும் சேர்ந்து வேகமாய் வெளியே இழுக்கும். நாய் இழுபட்டால் பின்னால் குதிக்காதீர்கள். காப்பாற்றப் போன மனிதன் மாண்டுபோக, நாய் தானாகக் கரையேறிய பரிதாபம் பல இடங்களில் நடந்திருக்கிறது. கரையோரமாக நடந்துகொண்டே கூப்பிடுங்கள். குரல் வரும் திசையை நோக்கி அது குறுக்காக நீந்தி வரும். உயிர்காக்கும் காவலரையும் அழையுங்கள்.

தூண்டில் முள், சொறி மீன், மணலில் புதைந்திருக்கும் திருக்கை, செத்து ஒதுங்கிய மீன் ஆகியவையும் அங்கே உண்டு. கரையில் படுத்திருக்கும் கடற்சிங்கத்தின் அருகே நாயை விடவே கூடாது. அதற்கு நோய் இருக்கலாம். கடிக்கவும் கூடும்.

நாய்க்கு அபாயம் போலவே நாயினாலும் அபாயம் உண்டு. அந்தக் கரையோரத்தில் மணல் நிறத்திலேயே முட்டையிடும் சிற்றாலா என்ற பறவை 1970 முதலும், கைப்பிடியில் அடங்கும் உப்புக்கொத்தி ஒன்று 1993 முதலும் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. நாய் ஒரு முறை துரத்தினால் பறவை பறந்துவிடும், அவ்வளவுதானே என்று நினைக்கிறோம். நாளெல்லாம் துரத்தப்படும் சிறு பறவை இரையெடுக்கும் நேரத்தையும், சேர்த்த பலத்தையும், சில வேளைகளில் முட்டையையும் இழக்கிறது. வேலியும் பலகையும் கண்ட இடத்தில் நாயைக் கட்டிவிடுவதே தர்மம்.

வாரின் மறுமுனை

மாலையில் மணியை நன்னீரில் குளிப்பாட்டி, காதைத் துடைத்து, விரலிடுக்கில் மணலும் முள்ளும் இருக்கிறதா என்று பார்த்தார்கள். காதுக் கிழிசலை மிருக வைத்தியர் கழுவி மருந்திட்டார். பழுப்பு நாயின் எஜமானி இரண்டு முறை டெலிபோனில் விசாரித்தாள். மணி நம் பக்கம் வந்து, எதுவும் நடவாததுபோல் நம் முழங்கால்மேல் தலையை வைத்துக்கொண்டான். நாம் ஐம்பது ஆண்டுகளில் முதன்முறையாக ஒரு நாயின் தலையைத் தடவிக் கொடுத்தோம். சூடாகவும் மெத்தென்றும் இருந்தது.

அன்று இரவு நமக்குத் தோன்றியது இது. அந்தக் கடற்கரையில் வார் அறுபட்டுவிடவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் நீண்டிருக்கிறது. ஒரு முனையில் ஓராண்டுக் காலப் பழக்கம். மறுமுனையில் யஜமானருடைய விழிப்பான கண். இந்த இரண்டும் இல்லாதவன் அவிழ்த்துவிடுவது நாயையல்ல, அபாயத்தை. கட்டுப்பாட்டை மனத்துக்குள் வாங்கிக்கொண்டவர்களுக்கே வெளியே கட்டில்லாத வாழ்வு கைகூடுகிறது. இது நாய்க்கு மட்டும் பொருந்துவதல்ல என்று நேயர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

மறு வாரம் மீண்டும் கடற்கரைக்குப் போனோம். வண்டியில் ஏறுமுன் குழந்தை நம் எதிரில் வந்து நின்று, "பெரியப்பா, கோட்டுப் பையைக் காட்டுங்கள்" என்றாள்.

காட்டினோம். பை காலியாக இருந்தது.